சாய்தளத்தின் மேல் ஒரு பொறாமை

என் மோட்டார் சைக்கிளின் பின்பெட்டியில், மழைக்கோட்டுக்கு அடியில், ஆரஞ்சு நிற பெல்ட் ஒன்றைச் சுருட்டி வைத்திருக்கிறேன். லோரியில் சாமான் நகராமல் இருக்கக் கட்டுவார்களே, அந்த வகை. ஓரங்களில் நூல் பிரிந்துவிட்டது. நடுவில் வியர்வை ஊறி நிறம் வெளுத்துவிட்டது. போர்ட் கிள்ளானில் நான் வேலை பார்க்கும் கிடங்கில் கேட்டு வாங்கியது. அந்த பெல்ட்டால் ஒரு மனிதனை முதுகில் கட்டிக்கொண்டு ஏழு வருடம் காற்பந்து அரங்கத்தின் பத்தொன்பது படிகளை ஏறியிருக்கிறேன். இப்போது அதற்கு வேலை இல்லை. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது, ஆனால் எடுத்து வெளியே போட மனம் வரவில்லை.

அந்த மனிதன் என் தங்கையின் கணவன். அதற்கு முன்பே என் பள்ளித் தோழன். கல்யாணத்தன்று அம்மா, "இனிமே அவர வாங்க போங்கன்னு கூப்பிடணும்" என்று சொன்னதை இருவரும் ஒரு வாரம் கடைப்பிடித்தோம். பிறகு நான் அவனுக்கு மச்சான், அவன் எனக்கு மாப்பிள்ளை, மற்றபடி பழைய வாடா போடாதான். கிள்ளானில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மாரியம்மன் கோயிலும் ஒரு மோட்டார் பட்டறையும்தான் தூரம். எங்கள் கிளப் சொந்த மைதானத்தில் விளையாடும் நாட்களில் இருவரும் ஒரே மோட்டாரில் போவோம். ஒருநாள் அவன் வேலை செய்த இடத்தில் போர்க்லிப்ட் கவிழ்ந்தது. அதற்குப் பிறகு அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆறு மாதம் கழித்து அவன் வாயைத் திறந்து கேட்ட முதல் ஆசை, "மேட்ச் பாக்கணும் மச்சான்" என்பதுதான்.

எங்கள் அரங்கம் பழையது. ரசிகர்கள் உட்காரும் பக்கத்துக்குப் போகப் பத்தொன்பது படிகள் ஏற வேண்டும், மின்தூக்கி கிடையாது. சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று தனி டிக்கெட் உண்டு என்று கிளப்பின் செயலியில் போட்டிருந்தார்கள். ஆனால் அந்த டிக்கெட்டை நேரில் வந்து வாங்க வேண்டும், அதைக் கொடுக்கும் முகப்போ மூன்று படிக்கு மேலே இருந்தது. அந்த மூன்று படியைப் பார்த்து மாப்பிள்ளை அவ்வளவு சிரித்தான். நான் போய் வாங்கி வந்தேன். பிறகு அவனை முதுகில் ஏற்றி, பெல்ட்டை அவன் தொடைக்கு அடியில் கொடுத்து என் தோளில் இழுத்துக் கட்டி, மேலே ஏறினேன். யாரோ ஒரு ரசிகர் நாற்காலியை மடித்துத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். குனிந்து ஏறும்போது என் காலும் அவன் காலும் கலந்து கடைசிப் படி தெரியாமல் போய்விடும். அதனால் அவன் என் காதருகே படிகளை எண்ணுவான். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, அவ்வளவுதான் என்பான்.

மேலே போய்ச் சேர்ந்ததும் கைதட்டல் கிளம்பும். முதல் நாள் இரண்டு மூன்று பேர் தட்டினார்கள். போகப் போக அது ஒரு சடங்காகிவிட்டது. எங்கள் தலை தெரிந்ததும் மேளம் அடிப்பவர்கள் ஓர் அடி சேர்த்து அடிப்பார்கள். மலாய்க்காரப் பையன்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் "அபாங், அபாங்" என்று கத்துவார்கள். செலாயாங்கிலிருந்து வரும் ஓர் அங்கிள் எனக்கென்று தண்ணீர் போத்தல் வைத்திருப்பார். கிடங்கில் என்னை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை, வீட்டிலும் அப்படி ஒன்றும் மரியாதை இல்லை. இங்கே ஆயிரம் பேர் எழுந்து நிற்கிறார்கள். அவர்கள் மாப்பிள்ளைக்குத்தான் தட்டுகிறார்கள் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். யாருக்கு என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ரசிகர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். மலாயில் நன்றாக எழுதுவேன் என்பதைத் தவிர அந்தப் பதவிக்கு வேறு தகுதி தேவைப்படவில்லை. ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் கிளப்புக்குக் கோரிக்கைக் கடிதம் போடுவோம். கூட்டம் சேரும் நாளில் ஒரு வாசலை மட்டும் திறக்கிறீர்கள், இரண்டையும் திறங்கள். கைப்பேசி இல்லாத வயசாளிகளுக்கு முகப்பில் டிக்கெட் கொடுங்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் விடுங்கள். இப்படி வரிசையாகப் போகும். முதல் ஆண்டே மாப்பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து, "ரேம்ப் போடச் சொல்லி மொதல்ல எழுது மச்சான்" என்றான். அவன் எதிரிலேயே தட்டச்சு செய்தேன். அவன் போன பிறகு, சாய்தளம் கேட்ட அந்த வரியைக் கடைசிக்கு நகர்த்தினேன். பெரிய கோரிக்கையை முதலில் வைத்தால் மற்றதையும் தள்ளிவிடுவார்கள் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். அனுப்புவதற்கு முன் அதை நீக்கிவிட்டேன். அதற்குக் காரணம் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டும் அப்படியே செய்தேன். அவன் கேட்பான், எழுதிவிட்டேன், பதில் வரவில்லை என்பேன். "இவனுங்க எப்பவும் இப்படித்தான் லா" என்று கிளப்பைத் திட்டுவான். நானும் சேர்ந்து திட்டுவேன், அவனைவிடச் சத்தமாக.

டீச்சர் வந்தது ஏழாவது ஆண்டில். பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவர், அங்கேயே ஆரம்பப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுப்பவர். பார்வையில்லாதவர்கள் கோலைத் தட்டிக்கொண்டு தினமும் வேலைக்குப் போகும் தெருவில் வளர்ந்ததாலோ என்னவோ, ஓர் இடத்துக்குள் நுழைந்தால் அவர் கண் முதலில் தரையைத்தான் பார்க்கும். கைப்பையில் எப்போதும் ஓர் அளவுநாடா இருக்கும். முதல் நாளே எங்கள் படிகளின் உயரத்தை அளந்தார், பக்கத்துச் சுவர் வரை இருந்த காலி இடத்தை அளந்தார். நான் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி நின்றேன். எல்லோரும் கைதட்டிய அந்த நேரத்தில் அவர் மட்டும் தட்டவில்லை. என்னைப் பார்த்து, "ஏன் தூக்குறீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

மாப்பிள்ளைக்கோ அவரைப் பிடித்துவிட்டது. அதன் பிறகு அவன் பேச்செல்லாம் டீச்சர்தான். ஈப்போ அரங்கத்தில் எந்த வாசல் வழியாக நாற்காலி போகும் என்று டீச்சர் விசாரித்தார். துணைக்கு வருகிறவருக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார். டீச்சர் கொண்டுவந்த நாசி லெமாக் சோற்றில் சம்பல் பிரமாதம். கிள்ளானுக்குத் திரும்பும் வழி முழுக்க இதைக் கேட்டு எனக்கு வயிறு எரியும். நான் ஏழு வருடம் சுமந்திருக்கிறேன், அவர் நான்கு மாதம் அளவுநாடாவைப் பிடித்திருக்கிறார். அண்ணன் என்ற பொறுப்பில் பேசுவதுபோல் ஒருநாள் தங்கையிடம், "உன் புருசன் எப்பப் பாத்தாலும் டீச்சர் டீச்சர்ங்கிறான், கொஞ்சம் கவனிச்சுக்கோ" என்றேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "பொறாம ஒனக்குத்தான் அண்ணே, எனக்கில்ல" என்றாள்.

ரசிகர்களின் குறைகளை நேரில் கேட்கிறோம் என்று கிளப் எங்களை அழைத்தது அந்த ஆண்டுதான். அழைத்த இடம் அலுவலகத்தின் முதல் மாடி. அரங்கத்துக்குள் நுழைய வசதி இல்லை என்று சொல்ல வந்தவனை அங்கேயும் நான்தான் முதுகில் கட்டித் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. பார்த்தீர்களா, நான் இல்லாமல் உங்கள் கூட்டம்கூட நடக்காது என்று டீச்சரை ஒரு பார்வை பார்த்தேன்.

நிர்வாகி நல்ல மனிதராகத் தெரிந்தார். தேநீரும் குவே பலகாரமும் வரவழைத்தார். எங்கள் கடிதங்களை ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். வாசல், முகப்பு, கழிப்பறை என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்ததும் டீச்சர் அளவுகளை எடுத்து மேசையில் வைத்தார். சாய்தளத்துக்கு இடம் இருக்கிறது, ஏன் இன்னும் போடவில்லை என்று மலாயில் கேட்டார். நிர்வாகி கோப்பைப் புரட்டினார். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். மேலிடத்தில் கேட்டால் இதைச் செய்யலாம், பெரிய வேலை இல்லை, ஆனால் இதைப் பற்றி உங்கள் சங்கம் ஒருமுறைகூட எழுதியதில்லையே என்றார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். மாப்பிள்ளை பார்க்கவில்லை. தன் முழங்காலில் காற்சட்டையின் மடிப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து, "இப்போது கேட்கிறோம்" என்று நிர்வாகியிடம் மலாயில் சொன்னான்.

கூட்டம் முடிந்தது. கீழே இறங்க அவனுக்கு என்னை விட்டால் வழியில்லை. கோபத்தில் எழுந்து போவதற்குக்கூட அவனுக்கு என் முதுகு வேண்டியிருந்தது. பெல்ட்டைக் கட்டும்போது கையைத் தூக்கிக் கொடுத்தான். இறங்கும்போது அவன் எண்ணவில்லை. நான் கடைசிப் படியைத் தவறவிட்டுத் தடுமாறி, இருவரும் சுவரில் மோதினோம். அவன் முழங்கை உரசி ரத்தம் கசிந்தது.

நாற்காலியை ஏற்ற எடுத்திருந்த வாடகை வேனில் ஏறியதும் கேட்டான்.

"ஏன்டா?"

"மறந்துட்டேன்டா."

"ஏழு வருசமாவா?"

அவன் இதைத் தங்கையிடம் சொல்லவில்லை, சங்கத்திலும் சொல்லவில்லை. டீச்சரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை போடவாவது ஒரு வழி கிடைத்திருக்கும்.

அடுத்த பருவத்துக்குள் சாய்தளம் வந்துவிட்டது. சாம்பல் நிற சிமெண்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி, நடுவில் ஒரு வளைவு. முன் வரிசையில் நான்கு நாற்காலிகளுக்கு இடமும், பக்கத்தில் துணைக்கு வருகிறவருக்கு ஓர் இருக்கையும் ஒதுக்கினார்கள். செயலியிலேயே டிக்கெட் எடுக்கலாம், துணையின் பெயரையும் ஐ.சி. அடையாள அட்டை எண்ணையும் போட வேண்டும். மாப்பிள்ளை சில ஆட்டங்களுக்கு என் தங்கையின் பெயரைப் போட்டான், சில ஆட்டங்களுக்கு டீச்சரின் பெயரை. என்னிடம் எண்ணைக் கேட்கவில்லை. அவன் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய எண்தான் அது. நான் மேலே பழைய இடத்தில் தனியாக உட்கார்ந்து, ஆட்டத்தைப் பார்ப்பதுபோல் அந்த நான்கு நாற்காலிகளைப் பார்த்தேன். மனிதன் மேல் பொறாமைப்படலாம், நான் சிமெண்டின் மேல் பொறாமைப்பட்டேன். அது விரிசல் விட வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டிருக்கிறேன்.

கடைசியில் அதுவும் ஒருவிதத்தில் நடந்தது. போன பருவத்தில் ஒரு முக்கியமான ஆட்டம். விசில் ஊதியாயிற்று, மாப்பிள்ளையின் இடம் காலி. எழுந்து கீழே ஓடினேன். யாரோ ஒரு பிரமுகரின் பளபளப்பான கார் சாய்தளத்தின் வாயை அடைத்து நின்றது. அதன் முன்னால் தூறலில் மாப்பிள்ளை. ஓட்டுநரைத் தேடி டீச்சர் உள்ளே போயிருந்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மோட்டார் நிறுத்துமிடத்துக்கு ஓடி, பெட்டியைத் திறந்து, பெல்ட்டை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடி வந்தேன்.

"வாடா, ரெண்டே நிமிசம், மேல போயிறலாம்."

அவன் பெல்ட்டைப் பார்த்தான்.

"வேணாம் மச்சான். காரு நவுறட்டும்."

"மேட்ச் ஆரம்பிச்சிருச்சுடா!"

"தெரியும்."

மேலே கூட்டம் ஓவென்று கத்தியது. கோல் விழுந்தது எங்களுக்கா அவர்களுக்கா என்று தெரியவில்லை. நான் பெல்ட்டை விரித்துப் பிடித்தபடியே நின்றேன். மறுபடியும் கெஞ்சினேன். எல்லோரும் நம்மை இப்படிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று, எப்படிக் கைதட்டுவார்கள் தெரியுமா என்றேன்.

"அவங்க கை தட்டுறப்ப நான் கண்ண மூடிக்குவேன்," என்றான். "மொத நாள்லருந்தே. ஒனக்குத் தெரியாது."

எனக்கு எப்படித் தெரியும்? அவன் என் முதுகில் இருந்தான். ஏழு வருடம் அத்தனை பேரும் பார்த்த அவன் முகத்தை நான் ஒருநாளும் பார்க்கவில்லை.

பெல்ட்டைச் சுருட்டினேன். தூறலில் அவன் பக்கத்தில் நின்றேன். ஓட்டுநர் வந்து காரை எடுத்தபோது முதல் பாதியில் பாதி முடிந்துவிட்டது. மாப்பிள்ளை சக்கரத்தில் கையை வைத்து, தானாகத் தள்ளிக்கொண்டு சாய்தளத்தில் ஏறினான். வளைவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினான். நான் கீழே நின்று பார்த்தேன், உதவிக்குப் போகவில்லை. அவன் மேலே போய்ச் சேர்ந்தபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லோரும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனும் போன வேகத்தில் ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.

அந்த வாரமே கிளப்புக்குக் கடிதம் எழுதினேன். சாய்தளத்தின் முன் எந்தக் காரையும் நிறுத்தவிடக் கூடாது, ஆட்ட நாளில் அங்கே ஓர் ஊழியர் நிற்க வேண்டும். இரண்டே வரி. அவன் வீட்டுக்குப் போய், எழுதிவிட்டேன் என்றேன். "காட்டு" என்று கையை நீட்டினான். கைப்பேசியைக் கொடுத்தேன். மெதுவாகப் படித்தான். அனுப்பும் பொத்தானைத் தானே அழுத்தப் போனவன் நிறுத்தி, "டீச்சர்கிட்டயும் ஒரு தடவ காட்டிரு" என்றான்.

காட்டினேன். டீச்சர் ஓர் இடத்தில் திருத்தம் சொன்னார். சரியான திருத்தம்தான். அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது. திருத்தினேன், மாப்பிள்ளையின் கண்ணெதிரிலேயே அனுப்பினேன். இப்போதெல்லாம் சங்கத்தின் எந்தக் கடிதத்தையும் அவன் பார்த்த பிறகுதான் அனுப்புகிறேன். அவன் ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படிக்கிறான்.

பெல்ட் மழைக்கோட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. போன வாரம் கிடங்கில் லோரிக்கு ஒரு பெல்ட் குறைகிறது என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டேன்.