பொண்ணுக்கு மட்டும் பாலிசி

நான் வேலை பார்க்கும் சுரங்கக் கம்பெனி கொடுத்த எங்கள் குவார்ட்டர்ஸில் இரண்டு பூனைகள் உண்டு. ஒரே ஈற்றில் எங்கள் ஸ்கூட்டர் ஷெட்டில் பிறந்தவை. ஒன்று ஆண், ஒன்று பெண். இரண்டும் சாம்பல் நிறத்தில் கறுப்பு வரி போட்டவை. சேர்ந்து படுத்திருந்தால் எந்த வால் எதனுடையது என்று எனக்கே தெரியாது. பெயர் வைக்கவில்லை. "பூனை" என்று கூப்பிட்டால் இரண்டும் வராது. மீன் பையைத் தூக்கினால் இரண்டும் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன், அதாவது ஆண், மணல் தட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். மலச்சிக்கல் என்று நானே முடிவு கட்டி விளக்கெண்ணெய் தேடினேன். வடக்குத்து கிராமத்தில் ஆடு மாடுகளோடு வளர்ந்த என் மனைவி அவன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"கல்லு மாதிரி இருக்குது. ஒண்ணுக்கு அடைச்சிகினு கத்துறான். வண்டிய எடுங்க."

காய்கறிக் கூடையில் போட்டு, மேலே துப்பட்டாவைக் கட்டி, ஸ்கூட்டரிலேயே கடலூர் போனோம். வடலூர் தாண்டும் வரை கத்தினான். அதற்குப் பிறகு கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. அங்கே நாய், பூனை பார்க்கும் கிளினிக்கில் ஒரு பெண் டாக்டர் குழாய் விட்டு அடைப்பை எடுத்தார். மூன்று நாள் வைத்திருந்து அனுப்பும்போது, "ஆண் பூனைக்கு இது திரும்பவும் வரலாம்ங்க" என்றார்.

பில்லைப் பார்த்ததும் எனக்கு அடைத்துக்கொண்டது. எனக்கு உடம்பு சரியில்லை என்றால் கம்பெனி ஆஸ்பத்திரியில் கார்டை நீட்டிவிட்டு வந்துவிடுவேன். வைத்தியத்துக்குப் பில் என்று ஒன்று உண்டு என்பதையே அந்தப் பூனையின் புண்ணியத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

"நம்ம மெடிக்கல் கார்டுல இவனச் சேக்க முடியாதா?" என்று மனைவி கேட்டாள்.

"என்ன உறவுன்னு எழுதறது?"

"உங்க தம்பின்னு எழுதுங்க. ரெண்டு பேருக்கும் சாப்ட்டுட்டுத் தூங்குறதுதான வேலை."

கார்டு ஆகாது என்பதால் இன்சூரன்ஸ் தேட ஆரம்பித்தேன். மாட்டுக்கு இருக்கிறது. நாய்க்கு விதவிதமாக இருக்கிறது. பூனைக்கு என்று தேறியது இரண்டுதான். ஒன்றில் பூனை திருட்டுப் போனால் பணம், ஆனால் வைத்தியச் செலவில் பாதிதான் தருவார்கள். இன்னொன்றில் ஆபரேஷன் வரை எல்லாம் உண்டு, திருட்டு கிடையாது. எனக்கு முதலாவது பிடித்தது.

"இதுங்களத் திருடுனவன் மறுநாளே கொண்டாந்து வுட்டுட்டு மன்னிப்பு கேட்டுட்டுப் போவான்" என்றாள் மனைவி. இரண்டாவது முடிவாயிற்று.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது விவரம் கேட்டு அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினார்.

"பெட் பேரு சொல்லுங்க சார்."

"பூனை."

"சரிங்க சார், பேரு?"

"பூனைன்னுதாம்மா கூப்பிடறோம்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான்."

"என்ன பிரீட் சார்? பெர்ஷியனா?"

"ஸ்கூட்டர் ஷெட்."

அவர் சிரிக்கவில்லை. "இந்தியன்னு போட்டுக்கறேன் சார்" என்றார். ஏற்கெனவே நோய் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். அப்படியென்றால் ஆண் பூனைக்கு அந்த நோய்க்கு மட்டும் பணம் வராது, மற்ற எல்லாவற்றுக்கும் வரும் என்றார். அவனுக்கு இருப்பதே அந்த ஒரு நோய்தான். கடைசியில், "ஒண்ணுக்காவது இருக்கட்டும்" என்று மனைவி சொல்ல, தும்மல்கூடப் போட்டிராத பெண் பூனைக்கு மட்டும் பாலிசி எடுத்தோம். இடது பக்கம், வலது பக்கம், முகம் என்று போட்டோ கேட்டார்கள். முகப் படத்தில் ரத்தம் வழியும் என் கட்டைவிரலும் சேர்ந்து விழுந்திருந்தது. அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஐந்தாவது மாதம் அவனுக்கு மறுபடியும் அடைத்தது. இந்த முறை வாடகைக் காரில் போனோம். குறிஞ்சிப்பாடி தாண்டும்போது மனைவி, "ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான இருக்குது" என்றாள். நான் புரியாதவன்போல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன். பாலிசித் தாளை வீட்டிலிருந்து கிளம்பும்போதே நான் பையில் எடுத்து வைத்திருந்தேன்.

டாக்டர் குழாய் விட்டு முடித்ததும் தாளை மேஜைமேல் மெல்ல நகர்த்தினேன்.

"மேடம், பில்ல இதுக்குப் போட முடியுங்களா? ரெண்டுக்கும் பேரு ஒண்ணுதான். பொய்யாவும் இருக்காது."

அவர் தாளை முழுதாகப் படித்தார். பிறகு பூனையின் வாலைத் தூக்கி எனக்குக் காட்டினார்.

"இதுல பெண் பூனைன்னு போட்டிருக்குங்க. இப்ப நான் குழாய் விட்டது எதுக்குள்ள?"

என் மனைவி, என்னை இதற்கு முன் எங்கேயும் பார்த்ததே இல்லை என்பதுபோல, சுவரில் இருந்த நாய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுரங்கத்தில் இத்தனை வருடத்தில் ஒரு பொய்க் கையெழுத்துப் போடாதவன், ஒரு பூனையின் வாலடியில் மாட்டிக்கொண்டேன். காதெல்லாம் சுட்டது.

"தப்புதாங்க" என்றேன்.

அவர் தாளை மடித்துத் திருப்பித் தந்தார். "இப்படி அடிக்கடி அடைச்சா கிட்னி போயிடும். ஒரு ஆபரேஷன் இருக்கு. குறுகலா இருக்கிற பகுதிய எடுத்துட்டு வழிய அகலமாக்கிடலாம். கிட்டத்தட்ட பெண் பூனை மாதிரி ஆயிடுவான்." என் கையிலிருந்த தாளைக் காட்டி, "அப்பவும் இந்த பாலிசி செல்லாதுங்க" என்றார்.

மனைவி உடனே, "பண்ணிடுங்க மேடம்" என்றாள். ஆண்பிள்ளை என்ற முறையில் நான்தான் கொஞ்சம் தயங்கினேன்.

"உங்களுக்கா பண்றாங்க?" என்றாள்.

என் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது டீக்கடையில் உட்கார்ந்து சினிமாப் பக்கம் வரை பேப்பர் படித்தவன் நான். பூனைக்கு ஆபரேஷன் நடந்த அன்றைக்கு மூன்று டீ குடித்தேன், பேப்பரில் ஒரு வரிகூட ஓடவில்லை.

பிழைத்துவிட்டான். புண்ணை நக்காதபடி கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்போடு வீட்டுக்கு வந்தவனைப் பெண் பூனைக்கு அடையாளம் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசனையாக இருக்கும். பத்து நாள் சீறினாள். மனைவி ஹாலில் இரண்டுக்கும் நடுவில் பாயைப் போட்டுப் படுத்தாள். பெண் பூனையின் பாலிசியை வருடா வருடம் புதுப்பிக்கிறோம், ஏன் என்று நான் கேட்பதில்லை.

கூம்பைக் கழற்றிய அன்று அவள் கிட்டே வந்து அவனை முகர்ந்து பார்த்தாள். ஓர் அறை விட்டாள். பிறகு, சிரைத்த இடத்தில் அரிசிமுனை அளவுக்கு முளைத்திருந்த முடியை நக்க ஆரம்பித்தாள். நான் செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பும்வரை நக்கிக்கொண்டே இருந்தாள்.