எல்லாருக்கும் நல்லவரின் ஹீட் பம்ப்

தூரே ஹெல்க்விஸ்ட்டுக்கு முடிவெடுப்பது வேப்பங்காய். கூட்டம் போடுவதோ அல்வா. குளிர்நாட்டு நகரமான கெவ்லேயில் இருபது வீடுகள் கொண்ட கட்டடம் ஒன்றுக்குப் பதினோரு வருடமாகச் சங்கத் தலைவர் அவர். பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் ‘முடியாது’ என்று சொன்னதில்லை. அதை நற்குணம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

கட்டடத்தைச் சூடாக்கும் எண்ணெய்க் கொதிகலன் சாகக் கிடந்தது. அதற்குப் பதிலாக ஹீட் பம்ப் வாங்கியாக வேண்டும். முற்றத்துப் பாறையில் ஆழத் துளை போட்டுப் பூமிச் சூட்டை இழுப்பது ஒரு வகை. வெளியே விசிறிப் பெட்டிகளை வைத்துக் காற்றிலிருந்து இழுப்பது இன்னொரு வகை. ஓயாமல் இரையும் அந்தப் பெட்டிகளை வைக்கத் தூரேயின் படுக்கையறைச் சன்னலடியை விட்டால் வேறு இடமில்லை. துளைதான் வேண்டுமென்று அவர் மனம் அடித்துக்கொண்டது. வாய் திறந்து சொன்னாரா? அதுதான் இல்லை. மூன்று வருடம் குழு மேல் குழு போட்டு, காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்து, எல்லோர் கருத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“முதல்ல நகராட்சியில அனுமதி கேளுங்க, தூரே,” என்றாள் நான்காம் மாடி மய்வோர். அவள் பிளம்பர். “துளைக்குத் துளை இருபது மீட்டர் இடைவெளி வேணும். பக்கத்துக் கட்டடத்துக்காரங்க முந்திக்கிட்டா நமக்குப் பட்டை நாமம்தான்.”

“எல்லாரும் ஒத்துக்கட்டும், அப்புறம் கேக்கலாம்.”

“அதுக்குள்ள பாய்லர் போய்ச் சேந்துடும்.”

ஏப்ரலில் பக்கத்துக் கட்டடத்திலிருந்து கடிதம் வந்தது. எல்லை வேலியை ஒட்டித் துளை போடப்போகிறோம், சம்மதமென்று கையெழுத்திட்டு அனுப்புங்கள். மறுத்தால் நாளைக்குத் தெருவில் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? பதினோரு வருடத்தில் கூட்டம் போடாமல் தூரே எடுத்த ஒரே முடிவு அதுதான். அன்றைக்கே கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டார், அறிவு கெட்ட மனுஷன்.

அக்டோபரில் இவர் ஒருவழியாகப் போட்ட விண்ணப்பத்தை நகராட்சி நிராகரித்தது. பக்கத்துத் துளைகளுக்கு இடைவெளி விட்டால் முற்றத்தில் மிஞ்சுவது குப்பைத்தொட்டி நிற்கும் இடம் மட்டுமே. அவருடைய சம்மதக் கடிதத்தின் நகலும் கூடவே வந்திருந்தது. மய்வோர் அதைக் கூட்டத்தில் மேசைமேல் வைத்தாள். யாரும் கத்தவில்லை, அந்த ஊரில் கத்த மாட்டார்கள். கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார்கள்.

“இனி விசிறிப் பெட்டிதான். எங்க வரும்னு உங்களுக்கே தெரியும். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, தூரே,” என்றாள் மய்வோர்.

ஒரே ஒரு வார்த்தைதான். அவரோ ஏலக்காய் ரொட்டித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

“எல்லாருக்கும் சரின்னா எனக்கும் சரி,” என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுக்கக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தார். அதையும் யாரிடமும் சொல்லவில்லை.