காலியாக வந்த டப்பா

ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இட்லி மாவு விற்கலாம் என்று ஜோகுபாளையம் வீட்டில் பெரிய கிரைண்டரை இறக்கியபோது என் கணவர் சொன்னார்: "இந்த மாசம் முழுக்கப் பாரு. மாவு போகலைன்னா இதை வித்துட்டுப் பழையபடி வேலைக்குப் போயிடு." அந்த ஆபீஸுக்குத் திரும்பிப் போக எனக்குத் துளியும் மனசில்லை. அதனால் அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு விற்பனை உளவியல் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன்.

ஒருவர் அடித்துச் சொன்னார்: முதலில் இலவசமாகக் கொடுங்கள், காசுப் பேச்சை எடுக்காதீர்கள், வாங்கியவர் மனம் பதிலுக்கு ஏதாவது செய்யாமல் சும்மா இருக்காது. ஆஹா என்று சிவாஜிநகர் பாத்திரக் கடைக்கு ஓடினேன். கவரில் கொடுத்தால் மதிப்பிருக்காது என்று எவர்சில்வர் டப்பாக்கள் வாங்கி வந்தேன். எதிர் அபார்ட்மெண்டில் வீடு வீடாக இட்லி மாவு கொடுத்து, சிரித்துவிட்டுத் திரும்பினேன்.

அவர் சொன்னது பொய்யில்லை. யார் மனமும் சும்மா இருக்கவில்லை. மறுநாளிலிருந்து டப்பாக்கள் திரும்பி வந்தன. ஒன்றில் சித்ரான்னம், ஒன்றில் பாசிப்பருப்பும் வெள்ளரியும் கலந்த கோசம்பரி, ஒன்றும் செய்ய நேரமில்லாதவர்கள் ஒரு பிடி சர்க்கரை. பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது தமிழ் வீட்டிலும் கன்னட வீட்டிலும் ஒன்றுதான். "மாவு சக்கத்தா இருந்துச்சுங்க" என்று வாயாரப் புகழ்ந்துவிட்டு நிம்மதியாகப் போனார்கள். செய்ய வேண்டிய பதில் மரியாதையைச் செய்தாயிற்று. ஆர்டர் மட்டும் ஒருவரும் கொடுக்கவில்லை.

மாதக் கடைசியில் விற்பதற்காகக் கிரைண்டரைப் போட்டோ எடுத்தேன். அன்று ஒரு டப்பாவில் வந்திருந்த சித்ரான்னத்தை அழுதுகொண்டே சாப்பிட்டேன். அது ருசியாக வேறு இருந்து தொலைத்தது.

அப்போது எதிர் அபார்ட்மெண்டின் மூன்றாவது மாடிப் பெண் வந்தார். என் வயதுதான், கழுத்தில் ஆபீஸ் அட்டை. அவர் நீட்டிய டப்பா லேசாக இருந்தது. திறந்தேன், கழுவித் துடைத்த வெறும் டப்பா. எனக்குச் சுருக்கென்றது.

"காலியாவா குடுக்கறீங்க?" என்று கேட்டே விட்டேன்.

"காலியா இருந்தாத்தானேங்க மாவு ரொப்ப முடியும்?" என்றார். "எவ்வளவுன்னு நீங்க சொல்லவே இல்லையே? எங்க பில்டிங்ல எல்லாரும் நீங்க பாசத்துல குடுக்கறீங்கன்னு நினைச்சுட்டு இருக்காங்க. பால்கனியிலேர்ந்து அந்தக் கிரைண்டரைப் பார்த்துத்தான் எனக்கே சந்தேகம் வந்துச்சு. வீட்டுக்கு யாருங்க அவ்வளவு பெருசு வாங்குவாங்க?"

அவ்வளவு வீடியோ பார்த்த எனக்கு விலையைச் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு குழறிவிட்டது.

"அவ்வளவுதானா? குரூப்ல போட்டுடட்டா?" என்று அங்கேயே நின்று போனில் தட்டினார். சாயங்காலம், சர்க்கரை கொடுத்த அதே வீடுகளிலிருந்து பாத்திரத்தோடு வந்து நின்றார்கள்.

கிரைண்டர் இன்றும் ஓடுகிறது. அந்தப் பெண்ணுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் எனக்குப் போதாது. அவர் இப்போதும் அதே டப்பாவோடுதான் வருகிறார். கதவைத் திறந்ததும் அது காலியாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.