மீனெண்ணெய் கொடுத்தது யார்

அறுபதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருத்துவிச்சியாக இருந்தேன். பிள்ளை மெலிந்தால் மீனெண்ணெய், இருமினால் மீனெண்ணெய், ஒன்றுமில்லாவிட்டாலும் மீனெண்ணெய். இதுதான் என் வைத்தியம்.

கீழ் லயத்து வரிசை வீடுகளில், கொழுந்து பறிக்கும் ஒருத்திக்குத் தலைப்பிரசவம். பிள்ளை சிக்கிக்கொண்டு, நீலம் பாரித்துப் பிறந்து, வெகுநேரம் கழித்தே அழுதது. ஒரு வாரத்தில் அதன் முதுகிலும் தோளிலும் சிவந்த கட்டிகள் கண்டன. தொட்டால் கல். பிறகு அவை மெல்ல வற்றின. என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளை தேறட்டுமென்று தினமும் மீனெண்ணெய் சொட்டு விட்டேன். அதிசயமாக வெயிலடித்த நாட்களில் வாசலில் கிடத்தச் சொன்னேன்.

ஐந்தாம் வாரம் பிள்ளை பால் குடிக்க மறுத்தது. குடித்ததையும் கக்கியது. மலம் போகவில்லை, மூத்திரம் மட்டும் ஓயாமல் போனது. நான் சொட்டுகளைக் கூட்டினேன்.

பிள்ளை துவண்டு போனதும் தேயிலை லொறியில் தாயையும் பிள்ளையையும் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் முதுகில் மிச்சமிருந்த தடிப்பைத் தடவிப் பார்த்து, ரத்தம் எடுத்துச் சோதித்தார். தோலுக்கடியில் கொழுப்பு இறுகிக் கட்டியான பிள்ளைகள் சிலருக்கு ரத்தத்தில் கல்சியம் ஏறிவிடுமாம், உயிரே போகலாமாம். மீனெண்ணெயும் வெயிலும் அதை இன்னும் ஏற்றுமாம்.

“மீனெண்ணெய் குடுத்தீங்களா? யாரு குடுக்கச் சொன்னது?”

நான் குனிந்து பிள்ளையின் துணியைச் சரிசெய்தேன்.

“நானாத்தான் குடுத்தேங்க ஐயா,” என்றாள் தாய்.

வார்டே கேட்கும்படி டாக்டர் அவளை ஏசினார். படிக்காத சனம் என்றார். படித்த நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளைக்கு சேலைன் ஏற்றினார்கள். ஒரு மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தார்கள். தாய்ப்பால் மட்டும்தான், வெயில் கூடவே கூடாது என்றார்கள். நாலு நாள் யாரும் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் பிள்ளை பசித்து அழுதது. மூன்று வாரத்தில் கல்சியம் இறங்கியது, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

திரும்பும் வழியில், ஏன் பழியை ஏற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். அவள் பிள்ளையின் முகத்தில் வெயில் படாமல் முந்தானையை இழுத்துவிட்டாள்.

“உங்கள வேலைய விட்டு நிப்பாட்டிட்டா, எங்க லயத்துல அடுத்த பிரசவத்த யாருங்க பாப்பாங்க? அந்த ஐயாவா வருவாரு?”

அவள் கோபத்தில் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.