நாற்பது ஜிபியில் சாக்கு எடை

அந்த வருஷங்களில் தினமும் நாலு பேராவது என்னிடம் வந்து, "நாப்பது ஜிபின்னு சொல்லித் தந்தீங்க, முப்பத்தேழுதான காட்டுது" என்பார்கள். திருவனந்தபுரம் ஆரியசாலைப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எனக்கு சர்வீஸ் வேலை. கம்பெனி எண்ணுகிற விதம் ஒன்று, கம்ப்யூட்டர் எண்ணுகிற விதம் வேறு என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போயிருந்தது.

சாலை பஜாரில் அரிசி மொத்த வியாபாரம் செய்த அண்ணாச்சி வந்தபோது அந்தப் பதிலை ஒப்பிக்க முடியவில்லை. தப்பு என்னுடையது. அவர் மகளின் கல்யாண வீடியோ மூன்று கேசட். கம்ப்யூட்டரில் ஏற்ற ஒன்றுக்குப் பதின்மூன்று ஜிபி ஆகும், நாற்பது ஜிபி டிஸ்க் போதும் என்று சொல்லிக் கம்ப்யூட்டரை வாங்க வைத்தவன் நான்தான். கேசட்டுகளில் பூசணம் பிடித்திருந்தது. இன்னும் ஒரு தடவை ஓடினால் பெரிது. கல்யாணத்துக்கு மறு வருஷம் அவர் மனைவி இறந்துவிட்டார். அந்தம்மா நடமாடுகிற படம் அவரிடம் வேறு இல்லை.

"நான் ஒரு சாதனமும் வைக்கல தம்பி. பின்ன எப்படி இதுல ஒம்பது ஜிபி நெறஞ்சு கெடக்கு?"

"கம்பெனியிலயே புரோகிராம் எல்லாம் போட்டுத்தான் அண்ணாச்சி அனுப்புவான். சாக்கு எடை மாதிரி."

அரிசிக்காரரிடம் போய்ச் சாக்கைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது.

"நாங்க சாக்கு எடையக் கழிச்சிட்டுல்லா சொல்லுவோம்," என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "செரி, அந்தச் சாக்கைப் பிரிச்சு எடுத்திரு."

எடுத்தேன். விளையாட்டுகள், முப்பது நாள் மட்டும் ஓடும் வைரஸ் தடுப்பு, யாரும் திறக்காத என்சைக்ளோபீடியா. ஒவ்வொன்றுக்கும் எதிரே பட்டியலில் ஓர் அளவு இருந்தது. கூட்டினால் நாலு ஜிபி. எல்லாவற்றையும் நீக்கியபின் கிடைத்தது ஒன்றரை. இரண்டு புரோகிராம்களுக்குப் பொதுவான ஃபைலை அந்தப் பட்டியல் இரண்டின் பேரிலும் எழுதியிருந்தது. அதை அவருக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை. இரண்டு கேசட்டுக்கு இடம் உண்டு, மூன்றாவதற்கு இல்லை என்று மட்டும் சொன்னேன். பெரிய டிஸ்க் வரவழைத்து மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"முழுசும் வேண்டாம் தம்பி. அவ வர்ற எடம் மட்டும் ஏத்து."

பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கேசட்டை ஓடவிட்டேன். அவர் "இப்ப" என்றால் ஏற்றுவேன், "மதி" என்றால் நிறுத்துவேன். முதல் கேசட்டில் அந்தம்மா தாம்பாளத்தோடு பந்தல் ஓரமாகப் போனார். தாலி கட்டும்போது மகளுக்குப் பின்னால் பாதி முகம். மூன்றாவதில், பந்தியில் பரிமாறும் கை மட்டும். அதற்கும் "இப்ப" என்றார்.

"அன்னைக்கு அவளுக்கு ஓயாத வேலை," என்றார், வீடியோக்காரனுக்காகப் பரிந்து பேசுகிற மாதிரி.

மூன்று கேசட்டும் ஓடி முடிந்தன. ஏற்றியதைப் பார்த்தேன். பத்து நிமிஷம்கூட வரவில்லை. இரண்டு ஜிபி.

"எடம் பத்துச்சா தம்பி?"

"நெறய மிச்சம் இருக்கு அண்ணாச்சி," என்றேன்.