மல்லாட்டை சீசனில் கிடைக்காத லீவு

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் விழுப்புரத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். பகல் வேலைக்கு மூன்று பெண்கள், இரவுக்கு ஓர் ஆண். ஊரில் யாராவது போனை எடுத்தால் எங்கள் போர்டில் அவர் நம்பருக்கு மேலுள்ள சின்ன மூடி விழும். யார் வேண்டும் என்று கேட்டு, கயிற்றைச் செருகி இணைக்க வேண்டும். வெளியூர் என்றால் சீட்டில் எழுதி வைத்து, லைன் கிடைத்ததும் கூப்பிட வேண்டும்.

கார்த்திகை பிறந்தால் மல்லாட்டை சீசன்; நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். காணைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வண்டி வண்டியாக மூட்டைகள் வந்து இறங்கும். மண்டிக்காரர்கள் காலையிலிருந்தே சென்னை விலை கேட்டு எங்களை உலுக்கி எடுப்பார்கள். அந்த வருடம் சீசன் ஆரம்பிக்கும்போதே எங்களில் ஒருத்தி பிரசவ லீவில் இருந்தாள். பத்தாம் நாள் இன்னொருத்திக்கு அம்மை போட்டது. மிச்சம் நான்.

காலை ஏழு மணிக்கு ஹெட்போனை மாட்டினால் கழற்ற இருட்டிவிடும். சாப்பாடு போர்டுக்கு முன்னாலேயே. ஒதுங்கப் போக வேண்டுமானால் சூப்பர்வைசர் வந்து என் இடத்தில் உட்கார வேண்டும். அதைக் கேட்கக் கூசி, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன்.

என் அக்கா திண்டிவனத்தில் இருந்தாள். தலைப்பிரசவம். எங்களுக்கு அம்மா இல்லை, கூட்டிவந்து வைத்துக்கொள்ளத் தாய்வீடும் இல்லை. மார்கழி பிறந்ததும் வந்து கூட இருப்பதாக நான்தான் சொல்லியிருந்தேன். அக்கா வீட்டுக்காரர் அங்கே ஓர் எண்ணெய் மில்லில் வேலை பார்த்தார். அவருக்கும் அதே சீசன்.

சூப்பர்வைசரிடம் போய் நின்றேன்.

"பத்து நாள் போதும் சார். அக்கா தனியா இருக்குது."

"நீயும் போய்ட்டா யாரை வெச்சிக்கினு ஓட்டுறது, சொல்லும்மா. கடலூர்ல கேட்டேன், செங்கல்பட்டுல கேட்டேன். எங்கயும் ஆள் இல்லன்றாங்க. அம்மை போட்ட பொண்ணு எழுந்து வரட்டும். அன்னிக்கே நீ பஸ் ஏறு."

கெட்ட மனிதர் இல்லை. அவர் கண்ணும் தூக்கமில்லாமல் சிவந்துதான் இருந்தது.

திண்டிவனம் ஆபரேட்டர் என்னைவிட மூத்தவர். முகம் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். இரண்டு அழைப்புகளுக்கு நடுவே அவசரமாக ஒரு வார்த்தை பேசுவார்.

"உங்க அக்காவ மாதா கோயில்ல பூசைக்கு வந்தப்போ பாத்தேன். காலெல்லாம் வீங்கிக்கினு இருக்குது. எப்ப வர்றே நீ?"

"வர்றேன்க்கா," என்பேன். எல்லா நாளும் இதே பதில்தான்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும். முற்பகலில் திண்டிவனம் லைன் வந்தது.

"லைன்லயே இரும்மா. உங்க மாமா இங்க தபாலாபீசுக்கு வந்து நிக்கிறாரு. பேசு."

மாமா வாங்கிப் பேசினார். "கொழந்த தங்கலம்மா. ஆம்பளப் புள்ள."

"அக்கா?"

"இருக்கறா. நேத்து மத்தியானமே வலி வந்திருக்குது. வூட்ல யாரும் இல்ல. நான் மில்லுலேர்ந்து பொழுது சாஞ்சு வந்து பாக்கறேன், தரையில சுருண்டு கெடக்கறா. வண்டி புடிச்சி ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போர்டில் நான்கு மூடிகள் விழுந்தன. என் கை தானாகக் கயிற்றுக்குப் போனது. "மாமா, செத்த இருங்க," என்றேன். ஒரு மண்டிக்காரர், சென்னை என்ன ஆச்சு என்று கத்தினார். அவருக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் மாமா இல்லை.

"அவரு போய்ட்டாரும்மா," என்றார் திண்டிவனம் ஆபரேட்டர். பிறகு தணிந்த குரலில், "மெட்ராஸ் லைன் காலியாவுது. எடுத்துக்கறியா?" என்று கேட்டார்.

"எடுத்துக்கறேன்க்கா," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசரே போர்டில் உட்கார்ந்து என்னை அனுப்பினார். அதற்குள் குழந்தையைப் புதைத்திருந்தார்கள். ஞானஸ்நானம் பெறாத குழந்தை என்பதால் சாமியாரின் ஜெபமும் மந்திரிப்பும் இல்லை, கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் ஒரு குழி, அவ்வளவுதான். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பால் கட்டி நெஞ்சில் துணி சுற்றியிருந்தார்கள்.

"எத்தினி நாள் லீவு?" என்று கேட்டாள்.

"சாயங்காலம் போவணும்க்கா."

"சரி, போ. அங்க ஆள் இல்லியே." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே எனக்காகப் பார்த்துத்தான் சொன்னாள்.

அம்மை போட்டவள் பொங்கல் கழித்து வேலைக்கு வந்தாள். எனக்குப் பத்து நாள் லீவு எழுதினார்கள். அக்காவை அதற்குள் மண்டகப்பட்டில் மாமியார் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அங்கே போனேன். வாசலில் மாமியார், "இப்ப வந்து என்னா பண்ணப் போற?" என்றார். உள்ளே விட்டார். சோறும் போட்டார். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். மறுநாள் காலை பஸ் பிடித்து விழுப்புரம் வந்து, மீதி லீவு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

அக்காவுக்கு அப்புறம் பிள்ளை உண்டாகவில்லை. அந்த ஞாயிறைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை. அடுத்த கார்த்திகையில் எங்களில் ஒருத்தி கல்யாணமாகி வேலையை விட்டாள். அவள் இடத்துக்கு அந்த சீசன் முடியும்வரை யாரும் வரவில்லை.