டாங்கர்காரர் கார்ப்பரேட்டர் ஆனார்

நம் சந்து முனையில் கட்டியிருக்கும் பேனரில் கை கூப்பிச் சிரிக்கிறாரே ஒருவர், அவரை, பிள்ளைகளே, நீங்கள் இருவரும் கார்ப்பரேட்டர் என்றுதான் அறிவீர்கள். எனக்கு அவரை டாங்கர் ஓட்டிய நாளிலிருந்தே தெரியும். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே கோபம் வருகிறது. ஆறட்டும் என்று காத்திருந்து பார்த்தேன், ஆறவில்லை. கோபத்தோடேயே எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். நானும் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும்தான். அதனால் பெரிய வார்த்தை எதுவும் இதில் வராது.

ராமச்சந்திராபுரம் ஃபேக்டரியில் எனக்கு வெல்டர் வேலை. டவுன்ஷிப்புக்கு வெளியே இந்தச் சந்தில் இடம் வாங்கி வீடு கட்டினோம். சந்தில் பதினாறு வீடு. அதில் பதினொன்று எங்களைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து இந்தத் தெலுங்கு ஊர் ஃபேக்டரிக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள். போர் தண்ணீர் பொங்கல் முடிந்த கொஞ்ச நாளில் வற்றிவிடும். அதற்குப் பிறகு மழை வரும் வரை டாங்கர்தான்.

அந்த டாங்கரை ஓட்டி வந்தவர் அவர். அப்போது அவருக்கு ஒரே வண்டி. இந்தக் குறுகலான சந்தில் ரிவர்ஸிலேயே ஏற்றி, ஒரு சுவரையும் உரசாமல் நிறுத்துவார். வெயிலில் வந்தால் உங்கள் அம்மா மோர் கொடுப்பாள். என்னை அண்ணா என்று கூப்பிடுவார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை மறைத்து எழுதினால் மீதி எல்லாமே பொய்யாகிவிடும்.

கார்ப்பரேஷன் தேர்தல் வந்தபோது ஒரு கட்சி அவருக்கு டிக்கெட் கொடுத்தது. நேராக நம் வீட்டுக்குத்தான் வந்தார்.

“அண்ணா, தமிழ் வீடுங்களுக்கு என்கூட வந்து நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். நான் ஜெயிச்சா முதல் குழாய் இந்தச் சந்துக்குத்தான்.”

“குழாய் வந்துட்டா உன் வண்டிக்கு வேலை இருக்காதேப்பா?”

“அந்த வேலையே நக்கோ, வேணாம் அண்ணா. இடுப்பு போச்சு” என்று சிரித்தார்.

பதினொரு வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஹிந்தியில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். எல்லா வீட்டிலும் டீ கொடுத்தார்கள், தலையாட்டினார்கள். ஒரு விஷயத்தை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கள் பதினொரு வீட்டு ஓட்டும் தமிழ்நாட்டில் இருந்தது. ரிடையர் ஆனால் ஊருக்குப் போய்விடுவோம், பெயரை எதற்கு எடுக்க வேண்டும் என்று எல்லாரும் அப்படியே வைத்திருந்தோம். அங்கே தேர்தல் வந்தால் லீவு போட்டு ரயிலேறிப் போவோம். விரலில் மையோடு ஃபேக்டரிக்குத் திரும்பி வருவதில் ஒரு பெருமை. இங்கே தேர்தல் நாள் எங்களுக்கு வெறும் விடுமுறை.

அவர் ஜெயித்தார். ஆறு மாதம் பொறுத்து, மனு எழுதிக்கொண்டு அவருடைய ஆபீஸுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். மனுவைப் பிரிக்காமல், மேஜை டிராயரிலிருந்து வாக்காளர் பட்டியலை எடுத்து, விரலை நாக்கில் தொட்டுப் புரட்டினார்.

“இதோ உங்க சந்து. பதினாறு வீடு, பதினாலு ஓட்டு. அதுவும் முனையில இருக்கிற அஞ்சு வீட்டோடது. உங்க பேரு எங்க அண்ணா?”

“எனக்கு ஊர்ல ஓட்டு.”

“ஹவ், ஆமா. ஓட்டு ஊர்ல, தண்ணி மட்டும் இங்க. முன்னாடியே சொல்லியிருந்தா அந்தப் பதினோரு டீயாவது குடிக்காம இருந்திருப்பேன்.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தப்பு எங்களுடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெறும் கையோடு வீடு திரும்பும்போதுதான் யோசித்தேன். அந்தப் பதினாலு ஓட்டுக்காரர்களுக்கும்தான் குழாய் வரவில்லை. மெயின் ரோடு வரைக்கும் பைப் வந்து நம் சந்து வாசலில் நின்றிருந்தது. இடுப்பு போச்சு என்றவருக்கு அதற்குள் நாலு டாங்கர் ஆகியிருந்தது. அவருடைய மச்சான் பார்த்துக்கொண்டார்.

அதில் போனது என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். டாங்கர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது ஆள் இருந்து கேட்டைத் திறந்து, ஹோஸைத் தொட்டிக்குள் விட வேண்டும். ஆள் இல்லாவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும், பிறகு மூன்று நாள் ஆகும். எனக்கு ஷிஃப்ட். உங்களுக்குப் பள்ளி. அம்மா அப்போது டவுன்ஷிப் கேட் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். இரண்டு வருடம் அரை நாள் லீவு, பெர்மிஷன் என்று சமாளித்துப் பார்த்தாள். மூன்றாவது கோடையில் ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு, “உங்களால முடியாட்டி சொல்லிடுங்க, குழந்தைங்க பாவம்” என்றார். அம்மா வேலையை விட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் கிரேயானில் வரைந்து கொடுத்த வாழ்த்துகளை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, வாசலில் போய் உட்கார்ந்தாள். அன்றைக்குப் பார்த்து டாங்கர் வரவில்லை.

அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஓட்டை மாற்றும் படிவங்களைக் கட்டாக வாங்கி வந்து வீடு வீடாகப் போனேன். எதிர் வீட்டு மதுரைக்காரர் ஃபேக்டரியில் எனக்கு சீனியர். அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை.

“இன்னும் நாலு வருஷத்துல ஊருக்குப் போயிருவேன்யா. எனக்கு எதுக்கு இங்க ஓட்டு?”

“அண்ணே, பதினஞ்சு வருஷமா இதைத்தான் சொல்றீங்க. மாடி வேற கட்டிட்டீங்க.”

“மாடி வாடகைக்கு விடத்தான்.”

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். “இங்க கொடுங்க தம்பி, நான் எழுதுறேன். குடம் தூக்குறது இவரு இல்ல” என்று வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரும் ஒரு படிவம் கேட்டார். இப்படித்தான் பதினொரு வீடும் பட்டியலில் ஏறியது.

அடுத்த தேர்தலில் வார்டு பெண்களுக்கு ஒதுக்கீடு. கார்ப்பரேட்டர் தன் மனைவியை நிறுத்தினார். பேனரில் அந்த அம்மா படம் சின்னது, இவர் படம் பெரியது. ஓட்டுக் கேட்டு வந்தபோது கையில் புதுப் பட்டியல் இருந்தது. நம் சந்தில் இப்போது நாற்பதுக்கு மேல் ஓட்டு என்று அவருக்குத் தெரியும். குரலே குழைந்தது.

உங்கள் அம்மா அவரை விட்டுவிட்டு, பின்னால் நின்ற அந்த அம்மாவிடம் தெலுங்கில் கேட்டாள். “நீங்க ஜெயிச்சா எங்களுக்குத் தண்ணி எப்ப வரும்?”

“ரெண்டு மாசத்துல வந்துடும் வதினா” என்றார் இவர், தெலுங்கில் அண்ணி முறை வைத்து.

“நான் உங்களைக் கேக்கலைங்க.”

அந்த அம்மா கணவர் முகத்தைப் பார்த்தார். “அவர்கிட்ட சொல்றேன்” என்றார் மெதுவாக.

“அப்ப நிக்கிறது யாரு?” என்றாள் உங்கள் அம்மா.

அந்த அம்மாவே ஜெயித்தார். நம் சந்து ஓட்டு எந்தப் பக்கம் விழுந்தது என்பது எங்களுக்குள் இருக்கட்டும். எதையும் நம்பாதவருக்குக்கூட எண்ணிக்கையில் நம்பிக்கை உண்டு. சொன்ன ரெண்டு மாதம் முடிவதற்குள், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நாலு பேர் கடப்பாரையோடு வந்தார்கள். மெயின் ரோட்டில் நின்றிருந்த பைப்பிலிருந்து சந்துக்குள் தோண்டிப் பதித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே நம் வாசல் குழாயில் தண்ணீர் கொட்டியது.

அம்மா முழு நேரமும் கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தவரிடம், “இவ்வளவுதானா வேலை?” என்று கேட்டாள்.

“இவ்வளவுதான் அம்மா. அரை நாள்” என்றார் அவர்.

அரை நாள். இதற்கு ஐந்து வருடம். தண்ணீர் வராதபோது வந்ததைவிட அதிகமான கோபம் எனக்கு அன்றைக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் வந்தது.

சாயங்காலம் அவர் மாலை, தேங்காய், போட்டோகிராஃபரோடு வந்தார். மனைவி காரை விட்டு இறங்கவில்லை. “வதினா, ஒரு குடம் கொண்டுவந்து குழாய்க்கு அடியில பிடிங்க, ஒரு போட்டோ” என்று உங்கள் அம்மாவைக் கூப்பிட்டார்.

“இந்தத் தண்ணிக்காக நான் வேலையை விட்டேன். அந்த இடத்துக்கு வேற டீச்சர் வந்துட்டாங்க. அதையும் போட்டோவில எடுக்க முடியுமான்னு உங்க போட்டோகிராஃபரைக் கேளுங்க” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

அவர் சிரிக்கப் பார்த்தார். சந்தில் யாரும் கூடச் சிரிக்கவில்லை. மதுரைக்காரர் மனைவி குடத்தோடு வந்தவர் அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டார். கடைசியில் அவரே குழாயைத் திறந்து, தன் கையையே அடியில் நீட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

போனவர் குழாயை மூடவில்லை. நான்தான் போய் மூடினேன்.